மாதம் இரண்டாயிரம் ரூபாயில் முதலீட்டைத் தொடங்குவது எப்படி?

முதலீடு பற்றி என்னிடம் விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் "எதில் போட்டால் அதிகம் கிடைக்கும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், மாதக் கடைசியில் கையில் சிறிதளவே மிஞ்சும் குடும்பத்துக்கு அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். "இந்தப் பணம் எனக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் திரும்ப வேண்டும்?" என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால், ஊரில் இருக்கும் இருபது முப்பது திட்டங்களில் நமக்குப் பொருந்தாதவை தாமாகவே விலகிவிடும். எஞ்சும் இரண்டு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பெரிய பொருளாதாரப் படிப்பு எதுவும் தேவைப்படாது.

கணக்குகள் காகிதத்தில் மட்டும் நிற்காமல் இருக்க, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றின் தையல் பிரிவில் மனைவி வேலை செய்கிறார், சனிக்கிழமைதோறும் சம்பளம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் ஏழாம் வகுப்பு, மகளுக்கு 6 வயது. வாடகை, மளிகை, பள்ளிச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் 2,000 ரூபாய் மிஞ்சுகிறது. தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய் கடனும் இருக்கிறது. இந்த 2,000 ரூபாயை அவர்கள் எங்கே, எந்த வரிசையில் வைக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் படி: வட்டிக்கு வாங்கிய கடன்

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 ரூபாய். மாதக் கணக்கில் சொல்லும்போது சிறியதாகத் தெரியும் இந்த எண்ணை எப்போதும் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆண்டுக்கு 36 சதவீதத்தை உறுதியாகத் தரும் வைப்புத் திட்டம் நம் நாட்டில் கிடையாது. ஆகவே, கடனை அடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறெங்கும் கிடைக்காத 36 சதவீத வருமானத்தை நமக்குத் தருகிறது. கடனை அப்படியே வைத்துக்கொண்டு 7 சதவீத வட்டிக்கு வைப்பு போடுவது, அடியில் ஓட்டை உள்ள குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பானது.

நம் குடும்பம் மிஞ்சும் 2,000 ரூபாயோடு, இப்போது கட்டிவரும் வட்டி 600 ரூபாயையும் சேர்த்து மாதம் 2,600 ரூபாய் கட்டினால், அசலும் வட்டியும் 9 மாதங்களில் தீர்ந்துவிடும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் பலர் அசலைப் பகுதி பகுதியாக வாங்க மறுப்பார்கள். மொத்தமாகத்தான் வேண்டும் என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவர்களுக்கு வருமானம். அந்த நிலையில், வீட்டில் இருக்கும் ஒரு நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து, அந்தப் பணத்தில் மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் முடித்துவிட்டு, நகைக்கடனை மாதாமாதம் அடைத்துவருவது நல்ல வழி. வங்கி நகைக்கடனின் வட்டி வெளிவட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன், கைப்பேசிச் செயலிக் கடன், கிரெடிட் கார்டு நிலுவை ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: வட்டி எதில் மிக அதிகமோ அதை முதலில் முடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தொகை

கடன் தீர்ந்ததும் முதலீட்டுக்குத் தாவிவிடக் கூடாது. ஆட்டோ பழுதாகலாம், ஆர்டர் இல்லாமல் நிறுவனத்தில் வேலை குறையலாம், திடீரென மருத்துவமனைக்குப் போக நேரிடலாம். அப்போது கையில் பணம் இல்லையென்றால் மறுபடியும் மூன்று வட்டிதான். மூன்று மாதச் செலவுக்கான தொகை, அதாவது இந்தக் குடும்பத்துக்கு 60,000 ரூபாய், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்க வேண்டும். அதை ஒரே மூச்சில் சேர்க்க முடியாது. தீபாவளி போனஸின் ஒரு பகுதி, சனிக்கிழமைச் சம்பளத்தில் சிறு தொகை என்று இரண்டு ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை. முதலில் 10,000 ரூபாய் சேர்ந்துவிட்டால், அடுத்த படிகளை இதோடு சேர்த்தே தொடங்கிவிடலாம்.

இந்தத் தொகையைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கிலும், கொஞ்சத்தை வங்கி நிரந்தர வைப்பிலும், அதாவது எஃப்டியிலும், வைப்பது போதும். அதில் வட்டி குறைவு என்று வருந்த வேண்டியதில்லை. இந்தப் பணத்தின் வேலை பெருகுவது அல்ல, கூப்பிட்டவுடன் வருவது. அன்றாடச் செலவுக்கான கணக்கிலேயே இதையும் வைத்தால் தெரியாமல் கரைந்துவிடும் என்பதால், வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ தனிக் கணக்கு தொடங்குவது நல்லது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம்.

வங்கி வைப்பின் பாதுகாப்பு பற்றி ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒரு வங்கி திவாலானால், ஒருவருக்கு அந்த வங்கியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாக இருந்தது. அரசு வங்கி, தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தெருமுனையில் "நிதி" என்றோ "ஃபைனான்ஸ்" என்றோ பலகை மாட்டியிருக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் வைப்புக்கும் கிடையாது. பெயரில் "வங்கி" என்ற சொல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், வைப்புக் காப்பீடு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: காப்பீட்டைத் தனியாக வாங்குவது

சம்பாதிக்கும் இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் மேலே சொன்ன அத்தனை கணக்கும் உடைந்துவிடும். ஆகவே முதலீட்டுக்கு முன்பே காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 50 வயது வரையிலானவர்கள் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டி 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு பெறலாம். சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது; அதில் 70 வயது வரை சேரலாம். கணவன், மனைவி இருவருக்கும் இரண்டையும் எடுத்தால் ஆண்டுக்கு 912 ரூபாய்தான் ஆகும். பிரீமியம் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதால், அந்த நேரத்தில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருமானம் கூடும்போது பெரிய தொகைக்கு டெர்ம் பாலிசி, அதாவது இறப்புக்கு மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுக்கலாம்.

இந்த இடத்தில் சற்றுக் கடுமையாகவே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். "காப்பீடும் கிடைக்கும், கட்டிய பணமும் திரும்ப வரும்" என்று விற்கப்படும் எண்டோமென்ட், மணிபேக் வகைப் பாலிசிகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. அவற்றில் கிடைக்கும் காப்பீட்டுத் தொகையும் குறைவு, பெருக்கமும் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகள் கட்டிவிட்டு முடியாமல் நிறுத்தினால் கட்டியதில் பெரும் பகுதியை இழக்க நேரிடும். மாதச் சம்பளம் உறுதியில்லாத வீட்டில், 15 அல்லது 20 ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டுவோம் என்று கையெழுத்திடுவது பெரிய சுமை. வைப்பு போடப் போன என் உறவினர் ஒருவர், வங்கி மேசையிலேயே நீட்டப்பட்ட படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மறு ஆண்டு பிரீமியம் கேட்டு வந்தபோதுதான் அது பாலிசி என்று அறிந்தார். வங்கிக்குள் விற்கப்படுவதெல்லாம் வங்கி வைப்பு ஆகாது. கையெழுத்திடும் முன், "இது எஃப்டியா, இன்சூரன்ஸா? அடுத்த ஆண்டும் நான் கட்ட வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தவறி வாங்கியிருந்தாலும், பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிட முடியும்.

நான்காம் படி: ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தேதி

இனிதான் முதலீடு. ஒரு தாளில் வரப்போகும் பெரிய செலவுகளையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டையும் எழுத வேண்டும். கடன் அடைத்து முடிக்கும்போது மகன் எட்டாம் வகுப்புக்கு வந்திருப்பான். கல்லூரிச் செலவுக்கு இன்னும் ஏறத்தாழ 5 ஆண்டுகள். மகளின் மேற்படிப்புக்கு 11, 12 ஆண்டுகள். கணவன் மனைவியின் முதுமைக்கு 20 ஆண்டுகளுக்கு மேல். இந்த மூன்று தேதிகளுக்கும் மூன்று விதமான இடங்கள் தேவை.

ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டாயம் வேண்டிய பணம் அசல் குறையாத இடத்தில்தான் இருக்க வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பு, அதாவது ஆர்டி, இதற்கென்றே அமைந்தது போன்றது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். முதிர்வுக் காலம் 5 ஆண்டுகள். 2023 அக்டோபர் முதல் அதன் வட்டி 6.7 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வட்டியில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 60 மாதங்களில் கட்டிய 60,000 ரூபாய் 71,366 ரூபாயாக வரும். அஞ்சலகத் திட்டங்களின் வட்டியை மத்திய அரசு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அறிவிக்கும் என்பதால், சேரும் நாளில் இருக்கும் விகிதத்தை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்; ஆர்டி போன்றவற்றில் சேரும்போது உள்ள வட்டியே முதிர்வு வரை தொடரும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும் என்பதால், முடிந்தவரை நடுவில் தொடக் கூடாது.

வங்கி ஆர்டியும் இதே போன்றதுதான். ஓராண்டு, இரண்டாண்டு என்று நம் தேவைக்கேற்பக் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடிவது அதன் வசதி.

மகளுக்கு 10 வயது நிறையவில்லை என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். கணக்குத் தொடங்கியதிலிருந்து 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். 21 ஆண்டுகளில் முதிரும். மகளுக்கு 18 வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், மேற்படிப்புக்காகக் கணக்கில் உள்ளதில் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து அறிவிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டி, அஞ்சலகச் சிறுசேமிப்புத் திட்டங்களில் கிடைக்கும் மிக உயர்ந்த விகிதம். அதற்கு வரியும் இல்லை. ஆர்டி போலன்றி இதில் வட்டி அவ்வப்போது மாறும். மாதம் கட்ட முடியாத குடும்பம் போனஸ் வரும்போது மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்பதால் வாரச் சம்பளக்காரர்களுக்கும் ஒத்துவரும். மகன் மட்டுமே உள்ள வீட்டிலும், பெண் குழந்தை 10 வயதைக் கடந்த வீட்டிலும், ஆண்டுக்கு 500 ரூபாயில் தொடங்கும் பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதி இதற்கு மாற்று. அதன் காலம் 15 ஆண்டுகள்.

வீட்டில் 60 வயதைக் கடந்த பெற்றோரிடம் ஓய்வுக்காலப் பணமோ நிலம் விற்ற பணமோ இருந்தால், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வாங்கச் செய்யலாம். அவர்கள் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஐந்தாம் படி: நீண்ட காலப் பணத்துக்குப் பங்குச் சந்தை

வைப்புகள் மட்டுமே இருந்தால் போதாதா என்று கேட்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் இன்றைய 100 ரூபாய்ச் சாமானுக்கு 200 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். 72 என்ற எண்ணை வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். இருபது ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும் பணம் விலைவாசியோடு சேர்ந்து ஓடினால் மட்டும் போதாது, அதைச் சற்றே முந்த வேண்டும். அந்த வேலையை நீண்ட காலத்தில் செய்யக்கூடியது நிறுவனப் பங்குகள்தான்.

ஆனால், எந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவது என்று ஆராய நம் குடும்பத்துக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அதற்கு எளிய வழி இண்டெக்ஸ் ஃபண்ட். தேசியப் பங்குச் சந்தையில் உள்ள மிகப் பெரிய 50 நிறுவனங்களைக் கொண்டு கணக்கிடப்படும் குறியீடு நிஃப்டி 50. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் 500 ரூபாய் போட்டால், அந்தப் பணம் அந்த 50 நிறுவனங்களின் பங்குகளிலும் அவற்றின் அளவுக்கேற்பப் பரவிவிடும். யாருடைய திறமையையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. குறியீடு எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவே நம் பணமும் ஏறி இறங்கும்.

இறங்கும் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி, கொரோனா பரவிய மார்ச் மாதத்தில் 7,600 அளவுக்கு விழுந்தது. பத்தாயிரம் ரூபாய் வைத்திருந்தவருக்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான் தெரிந்தது. அந்த முறை நவம்பருக்குள்ளாகவே பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால், எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட, மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. 2010-இல் பழைய உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் சரிந்து, உறுதியாகத் தாண்டிச் செல்ல 2013 இறுதி வரை ஆனது. அதனால்தான் ஏழு, எட்டு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் ஒரு ரூபாயைக்கூட இதில் போடக் கூடாது என்கிறேன். மகனின் கல்லூரிக் கட்டணத்தைப் பங்குச் சந்தையில் வைத்திருந்து, சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் சந்தை விழுந்திருந்தால், நட்டத்தில் விற்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

தொடங்குவதற்குத் தேவையானவை பான் அட்டை, ஆதார், அதோடு இணைந்த கைப்பேசி எண், வங்கிக் கணக்கு. பலரிடம் பணம் திரட்டி மொத்தமாக முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பை ஒருமுறை முடிக்க வேண்டும். பிறகு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுத்து, மாதம் 500 ரூபாய்க்கு எஸ்ஐபி, அதாவது கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்து முதலீடு செய்யும் ஏற்பாட்டை, பதிவு செய்ய வேண்டும். 100 ரூபாய்க்கு அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. பிடித்தம் செய்யும் தேதியை, கணக்கில் பணம் நிச்சயமாக இருக்கும் நாளாகக் குறிக்க வேண்டும். பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி அபராதம் போடும். 500 ரூபாய் எஸ்ஐபிக்கு அது பெரிய இழப்பு.

ஒவ்வொரு ஃபண்டிலும் "ரெகுலர்", "டைரக்ட்" என்று இரண்டு வகை இருக்கும். இரண்டிலும் வாங்கப்படும் பங்குகள் ஒன்றே. ரெகுலரில் முகவருக்கான கமிஷன் ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து போகிறது, டைரக்டில் போவதில்லை. 2013 ஜனவரி முதல் இந்த வசதி இருக்கிறது. ஆண்டுக்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோதானே என்று தோன்றலாம். 20 ஆண்டுகளில் அதன் மேல் வளர வேண்டிய வளர்ச்சியும் சேர்ந்து போய்விடும். அதே சமயம், படிவம் நிரப்பவும் சந்தை விழும்போது பதறாமல் இருக்கவும் நேர்மையான ஒருவரின் துணை கட்டாயம் வேண்டும் என்று நினைப்பவர் ரெகுலரில் சேர்வதில் தவறில்லை என்பதே என் கருத்து. பயந்து பாதியில் எடுப்பதால் வரும் இழப்பு கமிஷனைவிடப் பெரியது.

தினசரி வாங்கி விற்பதும், எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகமும் முதலீடு ஆகாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தோற்கும் இடத்துக்கு, மூன்று வட்டிக் கடனிலிருந்து அப்போதுதான் மீண்ட குடும்பம் போகவே வேண்டாம்.

சீட்டும் நகையும்

நம் ஊரில் சேமிப்பு என்றாலே சீட்டும் நகையும்தான் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பேசினால் இந்த வழிகாட்டி யாருக்கும் பயன்படாது.

ஏலச் சீட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம்; ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதங்களில் அவசரம் உள்ள ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி 70,000 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைப்போம். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் பங்காகிறது, ஆளுக்கு 1,250. ஆகவே அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்கு 95,000 வரும். முதலில் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது ஒரு சேமிப்பு. "சீட்டு நல்லதா, கெட்டதா" என்ற கேள்விக்கு விடை, நாம் எத்தனையாவது மாதம் எடுக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. அவசரத்துக்கு எடுப்பவர் 70,000 ரூபாய்க்கு எவ்வளவு திருப்பிக் கட்டுகிறோம் என்று கணக்கிட்டு, அதை வங்கி நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முன்கூட்டியே எடுத்தவர்கள் தவணையை நிறுத்தினாலோ நடத்துபவர் ஊரைவிட்டுப் போனாலோ, கடைசியில் எடுக்கக் காத்திருப்பவரின் பணம்தான் போகும். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் ஒவ்வொரு சீட்டையும் பதிவுத் துறையில் பதிவு செய்து, அதற்குப் பிணையும் கட்டியிருக்க வேண்டும். சேரும் முன் அந்தப் பதிவு எண்ணையும் ஒப்பந்த நகலையும் கேளுங்கள். பதிவில்லாத தெருச் சீட்டிலும், தீபாவளிப் பலகாரச் சீட்டிலும் சேர்வதென்றால், முழுவதும் போனாலும் குடும்பம் தாங்கும் என்ற அளவுக்கு மேல் கட்டக் கூடாது. முகம் தெரிந்தவர் என்பதால் நாம் ரசீது கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் கோபப்படும் மனிதரிடம் சீட்டே போட வேண்டாம்.

நகையைப் பொறுத்தவரை, அணிவதற்கு வாங்குவதையும் சேமிப்புக்கு வாங்குவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 100 ரூபாய் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் சேர்ந்து 12 சதவீதம் என்று வைத்தால், ஜிஎஸ்டி 3 சதவீதமும் கூடி 115 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். விற்கப் போனால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும். ஆக, தங்கம் 15 சதவீதம் ஏறும் வரை நமக்கு லாபம் தொடங்குவதில்லை. மகளின் திருமணத்துக்கென்று தங்கம் சேர்ப்பவர்கள், இப்போது சங்கிலியாக வாங்கி வைத்து, அப்போது அழித்துச் செய்து, சேதாரத்தை இரண்டு முறை கொடுப்பதைத் தவிர்க்க, தங்கத்தின் விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் தங்க ஈடிஎஃப் அல்லது அதில் முதலீடு செய்யும் கோல்டு ஃபண்டில் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். அரசின் தங்கப் பத்திரங்கள் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை. அதே நேரம், வீட்டில் இரண்டு மூன்று பவுன் நகை இருப்பது நெருக்கடியில் அரை மணி நேரத்தில் கடன் பெற்றுத் தரும் என்பதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நகைக்கடையின் 11 மாதச் சீட்டு வங்கி வைப்பு அல்ல. கடை மூடப்பட்டால் காப்பீடு எதுவும் இல்லை. 2023-இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு நகைக்கடை மூடப்பட்டபோது, மாதாமாதம் கட்டிவந்தவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள்.

ஏமாற்றுத் திட்டத்தைக் கண்டுகொள்வது

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் அடுத்தடுத்து விழுந்தன. வைப்புதாரர்களைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் விழுந்தன. பிறகு வேறு பெயர்களில், வேறு ஊர்களில் அதே கதை தொடர்கிறது. பண்டம் மாறுகிறதே தவிர, செய்முறை மாறுவதில்லை: புதிதாகச் சேர்பவர் கொடுக்கும் பணத்தை முன்பு சேர்ந்தவருக்கு மாத வருமானமாகக் கொடுப்பார்கள், முதல் ஆறு மாதம் ஒழுங்காக வரும், அதை நம்பிச் சொந்தக்காரர்களையும் சேர்த்துவிடுவோம், புதியவர்கள் வருவது குறையும் நாளில் எல்லாம் நின்றுவிடும். "என் மைத்துனருக்கு மாதாமாதம் வருகிறது" என்பது அந்தத் திட்டம் நேர்மையானது என்பதற்குச் சான்று ஆகாது.

இதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பொதுமக்களிடம் வைப்பு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது விதி. ஒரு லட்சத்துக்கு மாதம் 10,000 தருகிறோம் என்பவர் ஆண்டுக்கு 120 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்த உடனேயே எழுந்து வந்துவிடலாம். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பங்குச் சந்தைப் பரிந்துரை என்று சேர்த்து, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, அதில் லாபம் ஏறுவது போலக் காட்டுவதும் இதே வகைதான். அந்தச் செயலியில் தெரியும் எண் வெறும் படம். பணம் அனுப்பிவிட்டால், நேரம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வைப்பு மோசடிகளுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

நம் குடும்பத்தின் கணக்கு

கடன் தீர்ந்த பத்தாவது மாதத்தில் கையில் 2,600 ரூபாய் இருக்கிறது. அதில் 1,000 ரூபாய் மகனின் கல்லூரிக்காக அஞ்சலக ஆர்டியில். 500 மகளுக்குச் செல்வமகள் கணக்கில். 600 அவசரத் தொகைக்கு. போனஸ் வரும்போதெல்லாம் அதில் கூடுதலாகச் சேரும். 500 இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபியில், அவர்களுடைய முதுமைக்காக. அவசரத் தொகை 10,000 ரூபாயைத் தொடும் வரை கடைசி 500-ஐயும் அதிலேயே போட்டு, பிறகு எஸ்ஐபியைத் தொடங்கினால் இன்னும் நல்லது. இந்தப் பங்கீடு எல்லோருக்கும் பொருந்தாது. குழந்தை இல்லாத 25 வயது இளைஞர் எஸ்ஐபியில் கூடுதலாகப் போடலாம். 50 வயதில் தொடங்குபவர் அதைத் தொடாமலே இருக்கலாம். அவரவர் தாளில் எழுதியிருக்கும் தேதிகளை வைத்து இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாக் கணக்குகளிலும் வாரிசுதாரர் பெயரை, அதாவது நாமினியை, தொடங்கும் அன்றே பதிவு செய்ய வேண்டும். கணவர் பெயரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாமலும், மனைவி கட்டிய சீட்டு கணவருக்குத் தெரியாமலும் எத்தனையோ வீடுகளில் பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக வங்கி, அஞ்சலகம், காப்பீடு, ஃபண்ட், சீட்டு என்று கணக்கு எண், தொடங்கிய தேதி, முதிரும் தேதி, நாமினி பெயர் ஆகியவற்றை எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே வையுங்கள். கடவுச்சொல்லையும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் மட்டும் அதில் எழுத வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் அந்த நோட்டை எடுத்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த ஆண்டு முதிரும் கணக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.